ஓடை நீரும் பூச்சிகளின் சாட்சியும்

மலையடிவாரத்தில் நடந்து களைத்த வழிப்போக்கன் ஒருவன், கற்களினிடையே சலசலத்து ஓடும் நீரைக் கண்டால் என்ன செய்கின்றான்? குனிந்து பார்க்கின்றான், அடியிற் கிடக்கும் கூழாங்கல் தெளிவாகத் தெரிகின்றது. முகர்ந்து பார்க்கின்றான், துர்நாற்றம் இல்லை. உடனே இரு கையாலும் அள்ளிப் பருகுகின்றான். நீரின் நன்மை தீமையை அறிவதற்கு மனிதன் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் சோதனை இவ்வளவே. கண்ணும் மூக்கும் நாவுமே அவனுடைய கருவிகள். ஆயினும், வெளுத்ததெல்லாம் பாலன்று என்பதுபோல, தெளிந்ததெல்லாம் தூய நீரன்று. புலன்களுக்கு எட்டாத நஞ்சு பளிங்குபோன்ற நீரிலும் கலந்திருக்கலாம். மழைக்குப்பின் சற்றே கலங்கி ஓடும் நீர் நஞ்சற்றதாயும் இருக்கலாம்.

இக்குறையை நீக்குவதற்கு இரசாயன விஞ்ஞானம் வந்தது. ஆற்று நீரைக் குப்பியில் அடைத்து ஆய்வுகூடத்திற்குக் கொண்டுசென்று, அதில் உப்பு எவ்வளவு, அமிலம் எவ்வளவு, கரைந்துள்ள பிராணவாயு எவ்வளவு என்று நுட்பமாக அளந்து கூறுகின்றனர். இது மிகப் பயனுடைய முறையே. எனினும் அதற்கும் இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, குப்பியிலுள்ள நீர் ஒரு கணத்து நீர். ஆறோ நில்லாது ஓடுவது. திங்கட்கிழமை இரவு ஒருவர் கழிவை ஆற்றில் விட்டால், செவ்வாய்க்கிழமை காலையில் அது பல கட்டை தூரம் சென்றுவிடும். புதன்கிழமை நிரப்பிய குப்பி குற்றம் எதனையும் காட்டாது. இரண்டாவது, இரசாயன ஆய்வாளர் எதனைத் தேடுகின்றாரோ அதனையே காண்பார். இன்று உலகில் வழங்கும் செயற்கை இரசாயனங்களோ எண்ணிறந்தவை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குப்பியிலும் தேடுவது இயலாத காரியம்.

அப்படியாயின், இரவும் பகலும் அந்நீரிலேயே கிடந்து, கடந்துபோன ஒவ்வொரு சொட்டையும் உணர்ந்த சாட்சி யாரேனும் உண்டோ? உண்டு. அச்சாட்சிகள் ஓடையின் அடியிலுள்ள கற்களின் கீழும், மணலிலும், அழுகும் இலைகளின் நடுவிலும் வாழும் சிறு பிராணிகள். அவற்றுட் பெரும்பாலானவை பூச்சிகளின் குடம்பிகள். சிறகு முளைத்து வானிற் பறக்கும் பருவத்திலேயே பலர் பூச்சிகளை அறிவர். ஆனால் அவற்றுட் பல, தம் வாழ்நாளின் மிகப் பெரும் பகுதியைச் சிறகின்றி நீரின் அடியிலேயே கழிக்கின்றன என்பது பலர் அறியாத செய்தி.

இவ்வகைப் பூச்சிகளுள் மூன்று இனங்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, ஆங்கிலேயர் மே மாதத்தின் பெயரால் வழங்கும் மே ஈ. இதன் குடம்பி மாதக்கணக்காக, சில இனங்களில் இரண்டு ஆண்டுகள் வரை, நீரடியில் வாழ்கின்றது. உடலின் இரு மருங்கிலும் மெல்லிய இதழ்கள்போற் செவுள்கள் அசைந்துகொண்டிருக்கும்; வாலின் நுனியில் பெரும்பாலும் மூன்று இழைகள் நீண்டிருக்கும். சிறகு பெற்று வெளிவந்த பின்னரோ இதன் வாழ்வு சில மணி நேரம், அல்லது ஒன்றிரண்டு நாள். உண்பதற்குப் பயன்படும் வாயும் அப்போது இல்லை. துணை தேடி, முட்டையிட்டு, மடிவதே அதன் தொழில். இரண்டாவது, கல் ஈ. இரண்டு வால் இழைகளையுடைய இக்குடம்பி, குளிர்ந்து வேகமாக ஓடும் நீரிற் கற்களைப் பற்றிக்கொண்டு வாழும். பெரிய இனங்கள் சில மூன்று ஆண்டுகள்வரை நீரிலேயே வளர்கின்றன. மூன்றாவது, கூடுகட்டும் காடிஸ் பூச்சி. வண்ணத்துப்பூச்சிக்கு உறவான இப்பூச்சியின் குடம்பி, பட்டுப்புழுவைப் போன்று வாயிலிருந்து நூல் சுரந்து, மணலையும் சிறு குச்சிகளையும் இலைத் துணுக்குகளையும் ஒட்டித் தனக்கொரு குழாய்க்கூடு சமைக்கின்றது. இவ்வினத்துள் வேறு சில, கூடு கட்டாது சிறு வலை விரித்து, ஓடும் நீரில் வரும் உணவை அரித்தெடுத்து உண்கின்றன.

இம்மூன்று இனங்களும் பொதுவாக நல்ல நீரை நாடுபவை. அதற்குரிய காரணம் மூச்சு. அவை நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுளினாலோ மெல்லிய தோலினாலோ உறிஞ்சி உயிர் வாழ்கின்றன. நீரிற் கரையும் பிராணவாயுவோ மிகச் சொற்பம். 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் மட்டுமே கரையும். 30 பாகையில் அது ஏறக்குறைய ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். இந்நிலையில் மலக்கழிவோ, ஆலைக்கழிவோ, அழுகிய பொருளோ ஓடையில் வந்து சேருமாயின், அதனை உண்டு பெருகும் பற்றீரியாக்கள் அச்சொற்பப் பிராணவாயுவையும் செலவிட்டுவிடுகின்றன. செவுளால் மூச்சுவிடும் குடம்பிகள் திணறி மடிகின்றன. அல்லது பிடியை விட்டு நீரோடு போய்விடுகின்றன.

ஆனால் அத்தகைய சாக்கடை நீரிலும் செழித்து வாழ்பவை உண்டு. சேற்றில் தலையைப் புதைத்து வாலை மேலே அசைத்துக்கொண்டிருக்கும் மெல்லிய செம்புழுக்கள் ஒரு வகை. கடியாத கொசுவினம் ஒன்றின் குடம்பியாகிய இரத்தப்புழு மற்றொரு வகை. இவற்றின் செந்நிறத்திற்குக் காரணம், மனித இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் என்னும் பொருளே. அதன் துணையினால், நீரில் எஞ்சியுள்ள அற்பப் பிராணவாயுவையும் பற்றிக்கொண்டு அவை பிழைக்கின்றன. ஆகவே, ஓரிடத்திற் கற்களைப் புரட்டும்போது கல் ஈயும் மே ஈயும் காணப்படின் அது ஒரு செய்தி. அவை யாவும் மறைந்து, செம்புழுக்களே மலிந்து கிடப்பின் அது வேறொரு செய்தி.

இங்கு ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. நீரிற் காணப்படும் பூச்சிகள் எல்லாம் இச்சாட்சியம் கூறத் தக்கவை அல்ல. வீட்டுத் தொட்டியில் நெளியும் நுளம்புக் குடம்பியை நேயர்கள் கண்டிருப்பர். அது வாலின் அருகேயுள்ள குழாயை நீரின் மேற்பரப்பிற்கு உயர்த்தி, வெளிக் காற்றையே சுவாசிக்கின்றது. நீர்மேல் ஓடும் பூச்சியும் அத்தகையதே. நீரில் பிராணவாயு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, இவற்றிற்கு அது பெரும் பொருளன்று. ஆதலால் எந்தப் பிராணி எவ்வாறு மூச்சு விடுகின்றது, எதனை உண்கின்றது, எங்கு ஒதுங்குகின்றது என்பவற்றை அறிந்த பின்னரே அதன் சாட்சியத்தை ஏற்றல் வேண்டும்.

உயிர்களைக் கொண்டு நீரை மதிப்பிடும் இக்கலையை ஒழுங்கான விஞ்ஞானமாக ஆக்கியவர்களுள் முன்னோடிகள் ஜேர்மனிய அறிஞர்களான கொல்க்விற்ஸ், மார்சன் என்னும் இருவர். 1902ஆம் ஆண்டு தொடங்கி அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளிலே, கழிவு வந்து விழும் இடத்திலிருந்து ஆறு கீழ்நோக்கிச் செல்லச் செல்லத் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்வதையும், அதன் ஒவ்வொரு படியிலும் வெவ்வேறு உயிரினங்கள் வாழ்வதையும் விளக்கினர். 1908இல் தாவரங்களுக்கும் 1909இல் விலங்குகளுக்கும் அட்டவணை வகுத்தனர். பின்னர் 1948இல், அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்துக் கொனஸ்ரோகா ஆற்றுப் படுகையை, றூத் பற்றிக் என்னும் அம்மையார் பல துறை அறிஞரைத் துணைக்கொண்டு ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியில் எழுந்த உண்மை எளிமையானது, ஆழமானது. நலமுள்ள ஓடையில் இனங்கள் பல. ஒவ்வோர் இனத்திலும் உயிர்கள் அளவானவை. நலங்கெட்ட ஓடையில் இனங்கள் சில. அவற்றுள்ளும் தாங்கும் வலிமையுள்ள ஒன்றிரண்டு இனங்களே எண்ணிக்கையில் மலிந்து நிற்கும். பல குடிகள் கூடி வாழ்ந்த ஊர் பாழாகி, ஒரு குடி மட்டும் எஞ்சிய காட்சியை இஃது ஒக்கும்.

விஞ்ஞானியின் அறிவை நிருவாகிகளும் பயன்படுத்த வேண்டுமாயின், அதனை எண்ணாக மாற்றுதல் வேண்டும். இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பிரதேசத்தினூடே ஓடும் திரென்ற் ஆற்றிலே அம்முயற்சி நடந்தது. அவ்வாற்றுச் சபையின் முறையை விளக்கி உவூடிவிஸ் என்பார் 1964இல் வெளியிட்ட அட்டவணையின்படி, மிகக் கெட்ட நீருக்குச் சுழியமும் மிக நல்ல நீருக்கு 10உம் வழங்கப்பட்டன. 1976இல் பிரித்தானிய அரசாங்கம் ஒரு செயற்குழுவை அமைத்தது. அக்குழு வகுத்த முறையில், பிராணிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளி உண்டு. கழிவைத் தாங்க மாட்டாத கல் ஈக் குடும்பங்கள் பலவற்றிற்கு 10, தும்பிக் குடும்பங்களுக்கு 8, நன்னீர்ச் சிற்றிறாலுக்கு 6, வலை விரிக்கும் காடிஸ் பூச்சிக்கு 5, நத்தை, அட்டைக் குடும்பங்கள் பலவற்றிற்கு 3, இரத்தப்புழுவின் குடும்பத்திற்கு 2, செம்புழுக்களுக்கு 1.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஓரிடத்திலே கல் ஈ, பெரிய மே ஈ, தும்பி, சிற்றிறால், வலை விரிக்கும் காடிஸ், நத்தை, இரத்தப்புழு, செம்புழு என எட்டுக் குடும்பங்கள் அகப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். 10, 10, 8, 6, 5, 3, 2, 1 ஆகிய புள்ளிகளைக் கூட்டினால் 45. எட்டாற் பிரித்தால் சராசரி ஐந்தரைக்குச் சற்று மேல். மற்றோரிடத்திலே நத்தை, அட்டை, இரத்தப்புழு, செம்புழு ஆகிய நான்கே அகப்பட்டன. கூட்டுத்தொகை 9, சராசரி இரண்டே கால். முதலிடத்திலும் செம்புழு உண்டு என்பதை நோக்குதல் வேண்டும். தாங்கும் வலிமையுள்ளவை நல்ல நீரிலும் வாழும். வலிமையற்றவை கெட்ட நீரில் வாழமாட்டா. ஆகவே செம்புழு இருத்தல் குற்றமன்று. மற்றவை இல்லாமையே குற்றம்.

சாட்சிகளை அழைக்கும் முறையும் எளிது. ஆய்வாளர் நீண்ட காம்புள்ள வலையை ஓடையின் அடியில் ஊன்றி, நீர் வரும் திசையில் நின்று, காலாற் கற்களைக் கிளறுவார். கிளறப்பட்ட பிராணிகள் நீரோடு வலைக்குட் செல்லும். மூன்று நிமிடம் இவ்வாறு கிளறிய பின், அகப்பட்டவற்றை வெண்ணிறத் தட்டில் இட்டு இனம் பிரித்து எண்ணுவர். பின்னர் மற்றொரு கேள்வி எழும். இவ்வோடையில் இயல்பாக எவை இருத்தல் வேண்டும்? மலையருவிக்கும் சமவெளி ஆற்றுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாதன்றோ! இதற்கென 1977 முதல் பிரித்தானிய நன்னீர் உயிரியற் சங்கத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், மாசடையாத பல இடங்களின் பிராணிகளை ஆராய்ந்தனர். ஓரிடத்தின் உயரம், சரிவு, அகலம், அடித்தளம் முதலியவற்றைக் கொண்டு, ஆங்கு வாழ வேண்டியவை எவை என முன்கூட்டியே கணிக்கும் முறையை வகுத்தனர். இருக்க வேண்டியவற்றிற்கும் உண்மையில் இருப்பவற்றிற்கும் உள்ள வேறுபாடே ஓடையின் நோயை அளக்கும் அளவுகோலாயிற்று.

இக்கலை ஆய்வுகூடத்து அறிஞருக்கு மட்டும் உரியதன்று என்பதை மெய்ப்பித்தவர்கள் தூண்டிற்காரர்கள். மீனுக்கு உணவாகும் ஈக்களை அவர்களை விட நன்கறிந்தவர் யார்? பிரித்தானியாவில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம் ஒன்றின் கீழ், பயிற்சி பெற்ற தூண்டிற்காரர் தத்தம் ஆற்றில் மாதந்தோறும் வலை இட்டு, எட்டே எட்டுப் பிராணிக் கூட்டங்களை எண்ணுகின்றனர். ஒரு கூட்டத்தில் 9 வரை இருந்தால் ஒரு புள்ளி. 10 முதல் 99 வரை இரண்டு. 100 முதல் 999 வரை மூன்று. அதற்கு மேல் நான்கு. ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எச்சரிக்கை அளவு குறிக்கப்பட்டுள்ளது. கூட்டுத்தொகை அதனிற் குறைந்தால் உடனே அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும்.

இவ்வேற்பாட்டின் அருமை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் தென்பகுதியில், சுண்ணக்கல் மலைகளில் ஊறி, மால்பரோ, ஹங்கர்போட் முதலிய ஊர்களைக் கடந்து, றெடிங் நகரில் தேம்ஸ் நதியோடு கலப்பது கெனற் என்னும் ஆறு. அதன் நீர் கண்ணாடிபோற் தெளிந்தது. நீர்த் தாவரம் பசுமையாக அசைய, மீன்கள் அதனிடையே திரிய, கரையிற் செல்வோர் கண்ணுக்கு அன்றும் குறை எதுவும் தோன்றவில்லை. ஆனால் மாதாந்தச் சோதனைக்கு வந்த தொண்டர்கள் வலையைத் தூக்கியபோது, துள்ளிக் குதிக்க வேண்டிய சிற்றிறால்கள் செத்தும் சாகும் நிலையிலும் கிடந்தன. செய்தி உடனே அதிகாரிகளுக்குச் சென்றது. ஆற்றில் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தூரத்திற்குச் சிற்றிறால்களும் பூச்சிக் குடம்பிகளும் பெரும்பாலும் அழிந்துபோயின என்பது தெரியவந்தது. நீரைச் சோதித்தபோது குளோர்பைரிபொஸ் என்னும் பூச்சிநாசினி அகப்பட்டது. பூச்சிகளின் நரம்புத் தொழிலைக் குலைத்துக் கொல்லும் நஞ்சு அது. மால்பரோவின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாகவே அது ஆற்றுக்கு வந்தது. தேக்கரண்டி இரண்டு கொள்ளும் அளவே இவ்வளவு அழிவிற்கும் போதுமாயிருந்திருக்கும் என்று அக்காலச் செய்திகள் கூறின.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்று. எவரோ ஒருவர் எங்கோ ஓர் இடத்தில் ஊற்றிவிட்டிருக்கக்கூடிய சிறிதளவு நஞ்சு, கண்ணுக்குத் தெரியாமல் 15 கிலோமீற்றர் ஆற்றின் அடியை வெறுமையாக்கிவிட்டது. அதனை ஊற்றியவர் ஆற்றை நினைத்தும் இரார். மீன் மிதக்கவில்லை, நீர் நிறம் மாறவில்லை, நாற்றம் எழவில்லை. வலையோடு ஒருவர் வாராதிருப்பின், இரை இழந்த மீனும் பறவையும் அருகிய பின்னரே ஊரார் காரணம் தேடியிருப்பர். அப்போது நஞ்சு கடலை அடைந்திருக்கும். குப்பி ஒன்றும் சொல்லியிராது.

ஆற்றுக்கு மீளும் இயல்பும் உண்டு. நஞ்சு படாத மேற்பகுதியிலிருந்து குடம்பிகள் நீரோடு இறங்கி வருகின்றன. சிறகு பெற்ற பூச்சிகள் பறந்து வந்து முட்டையிடுகின்றன. ஆனால் சிற்றிறாலுக்குச் சிறகில்லை. அது மெல்லவே திரும்பும். மேற்பகுதியும் கெட்டுவிட்ட ஆற்றுக்கோ இவ்வழியும் அடைபட்டுவிடும். ஆதலின் ஓர் ஆற்றின் தலைப்பக்கத்துச் சிற்றோடைகளைக் காத்தல், அவ்வாறு முழுவதற்கும் விதைநெல்லைக் காத்தல் போன்றதாகும்.

பூச்சிகளின் சாட்சியை ஆராயாமல் நம்புவதும் தவறு. பெருவெள்ளம் ஒன்று கற்களைப் புரட்டிச் சென்றால், மாசு இல்லாமலே குடம்பிகள் குறைந்துவிடும். மேலும், எல்லாத் தீங்கும் ஒரே இனத்தைத் தாக்குவதில்லை. அமிலம் மிகுந்த நீரில் மே ஈக்கள் பலவும் சிற்றிறாலும் மறைய, கல் ஈக்களிற் பல நிலைத்து நிற்கும். சுரங்கக் கழிவிலுள்ள உலோகங்கள் தட்டையுடல் மே ஈக்களை விரைவில் தாக்கும். ஆகவே எவை போயின, எவை நின்றன என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரே நோயின் பெயரைக் கூறவல்லவர்.

ஒரு நாட்டின் அட்டவணையை மற்றொரு நாட்டில் அப்படியே பயன்படுத்துதலும் பொருந்தாது. கல் ஈ குளிர் நீரை விரும்புவது. வெப்ப நாடுகளில் அதன் இனங்கள் சில. அது காணப்படாமையைக் கொண்டு வெப்ப நாட்டு ஓடையைக் குற்றஞ் சாட்டுதல் அநீதி. இதனாலேயே தாய்லாந்தில் பிரித்தானியப் புள்ளி முறை அந்நாட்டுப் பிராணிகளுக்கேற்பத் திருத்தப்பட்டு 2002இல் வெளியாயிற்று. தென்னாபிரிக்காவிலோ, பாடசாலை மாணவரும் கையாளத்தக்க மினிசாஸ் என்னும் எளிய முறை 2004இல் வெளிவந்தது. அதிற் பதின்மூன்று பிராணிக் கூட்டங்களை மட்டும் இனங்கண்டாற் போதும். இலங்கையைப் பொறுத்தவரையில், இத்தீவின் காடிஸ் பூச்சிகளைப் பற்றிப் பெர்னாண்ட் ஷ்மிட் என்னும் அறிஞர் 1958இல் விரிவானதொரு நூலாய்வு வெளியிட்டார். 1970இல் வியன்னாப் பல்கலைக்கழகத்து ஸ்ரார்மூல்னர் தலைமையில் வந்த குழுவினர், களனியில் இருந்த வித்தியாலங்காரப் பல்கலைக்கழகத்தாருடன் கூடி, இந்நாட்டு மலையோடைகளின் உயிர்களை ஆராய்ந்தனர். அன்று எவை எங்கு வாழ்ந்தன என்பதற்கு அவை சான்று. அவ்வோடைகளின் இன்றைய நிலையை நாளை மதிப்பிட விரும்புவோர்க்கு அத்தகைய பழைய பதிவு பெருஞ் செல்வமாகும்.

இனி, முதலிற் கண்ட வழிப்போக்கனிடம் திரும்பலாம். ஓடையின் கல்லைப் புரட்டி, அதன் அடியில் மே ஈக் குடம்பியைக் கண்டுவிட்டால், அவன் அந்நீரை அப்படியே பருகலாமோ? பருகலாகாது. பூச்சி கூறுவது ஓடையின் நலத்தை. மனிதனுக்கு நோய் தரும் கிருமியைப் பற்றி அது அறியாது. ஆதலால் நீரைக் கொதிக்கவைத்து அருந்துதலே அறிவுடைமை. ஆனால் அவன் அறிந்துகொள்ளக்கூடியது மற்றொன்று உண்டு. கடந்த பல மாதங்களாக இவ்வோடையிற் பெருந் தீங்கு எதுவும் நிகழவில்லை என்பதை, விரல்நுனி அளவேயான அக்குடம்பி உயிரோடிருந்து உரைக்கின்றது. அதனைக் கேட்டறிந்தவன், புரட்டிய கல்லை முன்போல் மெல்லத் திருப்பி வைத்துவிட்டுச் செல்லுதல் வேண்டும். அச்சாட்சிக்கு வீடு அதுவே.